பக்கத்து இருக்கையின் எடை

பேயைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். குரலைக் கேட்டதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. எந்தக் குரலும் கேட்கவில்லை. நான் எடை போட்டேன்.

ஐம்பத்திரண்டு கிலோ.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் கார்களுக்கு சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் வேலை செய்கிறவன். தினமும் கடவுளை நினைத்து ஒரு நிமிடம் கண்மூடி நின்ற பிறகே ஸ்பேனரைத் தொடுகிறவன். எனக்குக் கதை கட்டத் தெரியாது. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. பயத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். கோபம். இன்றுவரை ஆறாத கோபம்.

என் தங்கையின் கணவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். பழையது. சாம்பல் நிறம். இரண்டே இருக்கை. பதுங்கிய பூனை மாதிரி தரையோடு ஒட்டி நிற்கும். என் தங்கைக்கு அப்போது ஆறாம் மாதம். தினமும் காலையில் அந்தக் காரில்தான் அவளை அலுவலகத்தில் இறக்கிவிடுவார். பலகையில் உட்கார்ந்து படிக்கட்டில் சறுக்கினால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சவாரி. ரோட்டில் கிடக்கும் கூழாங்கல்கூட முதுகெலும்பு வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும்.

உடம்பு குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாதாரணக் கார் ஒன்றை வாங்குங்கள் என்று நானும் சொன்னேன்.

"காரை மாத்தச் சொல்லாதீங்க மச்சான். சஸ்பென்ஷனை மாத்திக் குடுங்க. உங்களால முடியாததா?"

"முதல்ல உங்க காலு கொஞ்சம் மெதுவா மிதிக்கட்டும் மாப்பிள்ளை."

"உங்க தங்கச்சியே ஒண்ணும் சொல்லல. நீங்க ஏன் டென்ஷன் ஆகறீங்க?"

அவள் சொல்லமாட்டாள். சின்ன வயதில் செருப்பு கடித்து ரத்தம் வந்தபோதும் சொல்லாமல் நடந்தவள் அவள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை வாங்கினேன். மறுநாள் அவளுக்கு ஸ்கேன் இருந்தது. அதற்குள் அந்தக் கார் அவள் நிம்மதியாக உட்காரும் காராக மாற வேண்டும். எனக்கு வேறு எந்த எண்ணமும் இல்லை.

என்னோடு வேலை செய்கிறவனை எல்லோரும் டமாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் ரகசியம் பேசினால் அடுத்த தெரு பதில் சொல்லும். இருவருமாக அன்று காலையிலேயே காரை லிஃப்டில் ஏற்றினோம். உள்ளே இருந்தவை குட்டையான, கல்லுப் போன்ற ஸ்பிரிங்குகள். கழற்றினோம். மென்மையான ஸ்பிரிங்குகள் போட்டோம். தேவைக்கேற்ப இறுக்கியும் தளர்த்தியும் வைக்கக்கூடிய ஷாக் அப்சார்பர்கள் போட்டோம். இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் எல்லாம் புதிது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது புஷ்களை முறுக்கினால் அவை சுளுக்கிய கழுத்து மாதிரி ஆகிவிடும். அதனால் காரைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரங்களில் உட்கார்ந்த பிறகே முறுக்கினோம். ஒவ்வொரு நட்டையும் நானே முறுக்கினேன்.

எட்ட நின்று பார்த்தேன்.

இடப்பக்கம் இறங்கியிருந்தது. ஒரு விரல் அகலம்.

கார் பட்டறைக்குள் வந்தபோதே அப்படித்தான் நின்றது. பழைய ஸ்பிரிங் தளர்ந்துபோயிருக்கும் என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் எல்லாம் புதிதாயிற்றே.

என்னிடம் தரையில் வைக்கும் தட்டு மாதிரியான நான்கு தராசுகள் உண்டு. சக்கரத்துக்கு ஒன்று. ஓட்டுகிறவருக்குப் பதிலாக அவர் எடைக்கு மணல் மூட்டைகளை இருக்கையில் வைப்போம். எந்தச் சக்கரத்தில் எவ்வளவு பாரம் என்று பார்த்து, ஸ்பிரிங்கின் அடித்தட்டைத் திருகிச் சமன் செய்வோம். ஓட்டுகிறவர் மட்டும் இருந்தால் அவர் உட்காரும் வலப்பக்கம்தான் கனக்கும். எந்தக் காரிலும் அப்படித்தான்.

இந்தக் காரில் இரண்டு பக்கமும் சமம்.

டமாரம் காலி இருக்கையைக் குனிந்து பார்த்தான். "யாருங்க அது, டிக்கெட் எடுக்காம உட்கார்ந்திருக்கறது?"

சிரித்தோம்.

கால்மிதியை எடுத்தோம். உதிரிச் சக்கரத்தை எடுத்தோம். தட்டுகளை இடம் மாற்றிப் போட்டோம். மணல் மூட்டைகளையும் இறக்கினோம். அந்த மாதிரிக் கார் எவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியும். அதைவிட ஐம்பத்திரண்டு கிலோ கூடுதலாக நின்றது. அத்தனையும் பக்கத்து இருக்கை இருக்கும் பக்கம்.

"தராசுக்கு வயசாயிடுச்சுண்ணா."

"அப்ப நீ ஏறி நில்லு."

காரை நகர்த்திவிட்டு ஏறி நின்றான். துல்லியமாகக் காட்டியது. "மத்தியானம் சாப்பிட்டதைக்கூட விடமாட்டேங்குதே," என்று முணுமுணுத்தபடி இறங்கினான்.

இருக்கைக்கு அடியில் கனமாக ஏதாவது கிடக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினேன். அப்போதுதான் சீட் பெல்ட் லாக் கண்ணில் பட்டது. அதில் ஏற்கெனவே ஒன்று செருகியிருந்தது. கறுப்பாக, ஒரு முனை உடைந்து...

டம்மி கிளிப். பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் கார் மணியடித்து எச்சரிக்கும் அல்லவா? அந்த வாயை அடைக்க இதைச் செருகிவிடுவார்கள். பெல்ட் போட்டாயிற்று என்று கார் ஏமாந்துபோகும்.

உடனே மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

"அதுவா? வாங்கும்போதே இருந்துச்சு மச்சான். பிடுங்கிடாதீங்க. ஆளே இல்லாட்டியும் கத்திக்கிட்டே இருக்கும்."

"அப்போ என் தங்கச்சி பெல்ட் இல்லாமதான் தினமும் வர்றாளா?"

"வயித்துல அழுத்தும்ல..."

"வயித்துக்குக் கீழ போடணும். அதைச் சொல்லிக் குடுக்க உங்களுக்கு ஒரு நிமிஷம் இல்லையா?"

"நீங்க சஸ்பென்ஷனை மட்டும் பாருங்க மச்சான்."

வைத்துவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு உயிரைக் காப்பாற்ற மலையைப் பெயர்க்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவளுக்குக் கை நீட்டி ஒரு பெல்ட்டை மாட்டிவிட்டால் போதும். கடவுள் நம்மிடம் கேட்பதெல்லாம் இவ்வளவு சின்னச் சின்ன அன்புதான். அந்த ஒரு நொடியை மிச்சம் பிடிக்க ஒரு பொருளைச் செய்து, விற்று, வாங்கி, செருகி... சே! பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன்.

டமாரம் ஸ்டியரிங்கை நேராக்கச் சாவியைத் திருப்பினான்.

டிங்... டிங்... டிங்...

இருக்கை காலி.

"சீட்டுக்குள்ள சென்சார் போயிருக்கும்ணா," என்றான். அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

எங்கள் தொழிலில் தராசு சொல்வதே தீர்ப்பு. வாக்குவாதம் செய்துகொண்டிருந்தால் வேலை நகராது. இடப்பக்கத்து ஸ்பிரிங்குகளைத் திருகித் தூக்கினேன். கார் மட்டமாக நின்றது. வேறு எந்தத் தொழிலில் இருப்பவனும் இப்படிச் செய்திருக்கமாட்டான். யாருமில்லாத இருக்கைக்கு நான் பாரம் ஒதுக்கிக் கொடுத்திருந்தேன்.

மாலை 6.40. மழை பிடித்துக்கொண்டது. ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன்.

"நானும் வர்றேன்ணா," என்று டமாரம் இடப்பக்கக் கதவைத் திறந்தான். இருக்கையைப் பார்த்தான். கதவை மெல்ல மூடினான். "இல்ல... நீங்களே போயிட்டு வாங்க."

கிடங்குகளைத் தாண்டி, ஏரியை ஒட்டிப் போகும் சாலை. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பள்ளங்களில் கார் இறங்கி ஏறியதே தெரியவில்லை. ஆனாலும் தொளதொளவென்று ஆடவில்லை. சொன்ன இடத்தில் திரும்பியது. என் தங்கை இதில் தூங்கிக்கொண்டே போகலாம்.

மணி மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. டிங்... டிங்...

முதல் வளைவு. லேசாகத் திருப்பினேன்.

தம்.

பக்கத்து இருக்கையின் முன்னால், தரையில். காரில் வரும் சத்தங்கள் எனக்கு அத்துப்படி. தளர்ந்த நட்டு ஒரு மாதிரி. காய்ந்த புஷ் ஒரு மாதிரி. இது அப்படியில்லை. இது எனக்கு வேறு விதத்தில் தெரிந்த சத்தம். நான் ஓட்டும்போது என் மனைவி எழுப்பும் சத்தம். பயந்துபோனால், தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதிப்பாள்.

6.52. இரண்டாவது வளைவு.

தம். தம்.

வேகத்தைக் குறைத்தேன். சைக்கிள் வேகம். ஆனாலும் மணி வேகமெடுத்தது. டிங் டிங் டிங் டிங்...

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன்.

இடப்பக்க ஜன்னல் கண்ணாடியில் மட்டும் ஆவி படிந்திருந்தது. சின்ன வட்டமாக. வாய் இருக்கும் உயரத்தில்.

மறைந்தது.

மறுபடி படிந்தது.

மூச்சு.

தெரிந்த பிரார்த்தனை ஒன்று பாதியில் நின்றது. மூன்றாவது வளைவு வருவதற்குள் காரை ஓரம் கட்டினேன். 6.57. எதிரே யாருமில்லை. வைப்பர் போனது... வந்தது...

சர்ர்ர்ர்...

பக்கத்து இருக்கையின் பெல்ட் வெளியே வந்துகொண்டிருந்தது.

மெதுவாக.

யாரோ இழுப்பதுபோல.

பெல்ட்டின் தகடு இருக்கையைத் தாண்டி வந்தது. லாக்கில் மோதியது.

டக்.

நுழையவில்லை.

டக். டக்.

முதலில் தவிப்பாக. பிறகு ஆத்திரமாக.

டக் டக் டக் டக் டக்...

அடைப்பு எதுவும் இல்லையே! கிளிப் என் சட்டைப் பையில் இருக்கிறதே! ஆனாலும் நுழையவில்லை. அந்தக் கைக்கு அந்த லாக் ஒருநாளும் திறந்ததில்லை போல...

இறங்கி ஓடியிருக்கலாம். கால் வரவில்லை.

கை வந்தது.

நீட்டினேன்.

தகட்டைப் பிடித்தேன்.

என் விரல்களுக்கு அடியில்... விரல்கள்.

ஈரமாக.

நடுங்கிக்கொண்டு.

"இரும்மா," என்றேன். "நான் மாட்டறேன்."

அழுத்தினேன்.

க்ளிக்.

மணி நின்றது.

மழைச் சத்தம் மட்டும். இருக்கையின் பஞ்சு மெல்ல நிமிர்ந்தது. பெல்ட் தொய்ந்தது. என் இடப்பக்கம்... கார் ஒரு விரல் அகலம் உயர்ந்தது.

7.20க்குப் பட்டறைக்குத் திரும்பினேன். டமாரம் வாசலிலேயே நின்றான்.

"என்னண்ணா, இடது பக்கம் எகிறி நிக்குது? தப்பா தூக்கிட்டீங்களா?"

காரைத் தராசில் ஏற்றினேன். ஐம்பத்திரண்டு கிலோ இல்லை. ஸ்பிரிங்குகளைப் பழையபடி இறக்கினோம். கார் மட்டமாக நின்றது. சட்டைப் பையில் கையை விட்டேன். கிளிப்பும் இல்லை. காரைத் தலைகீழாகக் கவிழ்க்காத குறையாகத் தேடினோம். கிடைக்கவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளையும் தங்கையும் வந்தார்கள். நான் சாவியைக் கொடுக்கவில்லை.

"வேலை முடிஞ்சிருச்சுல்ல மச்சான்? ஸ்கேனுக்கு நேரமாகுது."

"பெல்ட் போடாம என் தங்கச்சி இந்தக் கார்ல ஏறமாட்டா."

"ஒரு பெல்ட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

தங்கை என் கையைப் பிடித்தாள். "விடுண்ணா. இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே." கொஞ்சம் தயங்கினாள். "போன மாசம் நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு. இவரு சடன் பிரேக் போட்டாரு. நான் முன்னாடி போய் முட்டியிருக்கணும். முட்டல."

"எப்படி முட்டல?"

"யாரோ கையைக் குறுக்க வெச்சுப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. இங்க." வயிற்றுக்கு மேலே கையை வைத்துக் காட்டினாள். "இவருதான்னு நெனச்சேன்."

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. "நான்... ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான் வெச்சிருந்தேன்."

தனக்கு ஒருவரும் மாட்டிவிடாததை, யாரென்றே தெரியாத என் தங்கைக்கு ஒருத்தி தன் கையால் செய்திருக்கிறாள். கோபம் தலைக்கேறியது. வாழ்நாளில் முதல் முறையாக மாப்பிள்ளையின் முன்னால் கத்தினேன்.

"அப்படிப் பிடிக்க இனிமே அங்க ஆள் இல்ல மாப்பிள்ளை! போயாச்சு! இனிமே நீங்கதான் பிடிக்கணும். மாட்டிவிடுங்க!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் குனிந்து, வயிற்றுக்குக் கீழே பெல்ட்டை இழுத்து, மாட்டிவிட்டார். அதன் பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

அன்றே அந்தக் காரை அவருக்கு விற்ற வியாபாரியைப் போய்ப் பார்த்தேன். முதலில் மழுப்பினார். நான் நகரவில்லை.

"பழைய ஓனரு, அவரு சம்சாரம்... ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும்ங்க. முதல்ல அவருக்கு அந்தக் காரை வித்ததே நான்தான். ஏரி வளைவுல, மழையில மோதிட்டாரு. அவருக்கு ஒண்ணும் ஆகல. பக்கத்துல இருந்த அந்தம்மாதான்..."

"பெல்ட் போட்டிருந்தாங்களா?"

"போட்டிருந்ததாத்தான் கார்ல பதிவாகியிருந்துச்சு. அதனால அவர் மேல யாரும் தப்பு சொல்லல."

கார் ஏமாந்திருந்தது. கார் சொன்னதை ஊரே நம்பியிருந்தது.

"லாக்ல மாட்ட முடியல, அந்தக் கிளிப்பை எடுங்கன்னு அந்தம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அவரு சிரிப்பாரு. பெல்ட் போட்டா என் டிரைவிங் மேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தம்பாரு."

"இவ்வளவும் தெரிஞ்சே அந்தக் கிளிப்போட இன்னொரு குடும்பத்துக்கு வித்தீங்களா?"

அவர் மேசை மேலிருந்த ரசீதுகளை அடுக்க ஆரம்பித்தார்.

"அந்தம்மா எப்படி இருப்பாங்க?"

"ஒல்லியா இருப்பாங்க. ஐம்பது கிலோ தாண்டினாலே அதிகம். ஏன் கேக்கறீங்க?"

எழுந்து வந்துவிட்டேன். அன்று மாலை பட்டறையில் கண்மூடி நின்று அவளுக்காகப் பிரார்த்தித்தேன். ஒரு சின்னக் க்ளிக் சத்தத்தில் அவளுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று நம்பினேன்.

சில வாரங்கள் கழித்து, நல்ல வெயில் நேரத்தில், ஒரு பெரிய புதுக் கார் பட்டறைக்குள் வந்தது. இறங்கியவர் சிரித்த முகம். இனிமையான குரல். தனியாக வந்திருந்தார்.

"என் பழைய ஸ்போர்ட்ஸ் காரை நீங்கதான் சரி பண்ணீங்களாமே? வியாபாரி சொன்னாரு. இது புது வண்டிங்க. ரெண்டு தடவை ஸ்பிரிங் மாத்தியாச்சு. இடது பக்கம் இறங்கியே நிக்குது."

டமாரம் என்னைப் பார்த்தான். நான் தராசைக் காட்டினேன்.

ஐம்பத்திரண்டு.

இடப்பக்கக் கதவைத் திறந்தேன். பெல்ட் லாக்கில் கறுப்பாக ஒன்று செருகியிருந்தது. ஒரு முனை உடைந்திருந்தது.

"இதை நீங்க எப்ப செருகினீங்க?"

"நானா? இல்லையே. அதுவா இருந்துச்சு. நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன். ஆளே இல்லாம கத்திக்கிட்டிருந்துச்சு."

அதைப் பிடுங்கினேன். சாவி போட்டபடியே இருந்தது. டிங்... டிங்... டிங்...

என் கோபத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு சொன்னேன். "உங்க கையால இந்த பெல்ட்டை ஒரே ஒரு தடவை மாட்டிவிடுங்க. எல்லாம் சரியாயிடும்."

"யாருக்கு?" சிரித்தார். "காலி சீட்டுக்கா? நல்ல மெக்கானிக்கைப் பார்த்து அனுப்பினாருப்பா!"

என் கையிலிருந்த கிளிப்பை வாங்கினார். லாக்கில் செருகினார். மணி நின்றது.

அவருக்காகவும் பிரார்த்திக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தினமும் கண்மூடி நிற்கிறேன். இன்னும் வார்த்தை வரவில்லை.

அன்று அவர் காரை எடுத்துக்கொண்டு போனபோது வாசலில் நின்று பார்த்தோம். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஏரிச் சாலைப் பக்கம் திரும்பி வேகமெடுத்தார். இடப்பக்கக் கண்ணாடியில் மட்டும் ஆவி படிந்திருந்தது... சின்ன வட்டமாக.

இந்த முறை அது மறையவே இல்லை.